எலும்பு கணக்குப் பார்க்குமா?

பெங்களூரில் தயாரான ஒரு சின்ன மின்சாரக் கார் சில ஆண்டுகள் லண்டன் வீதிகளில் ஓடிற்று. இங்கே அதன் பெயர் ரேவா, அங்கே ஜி-விஸ். 2003ல் லண்டன் நகரின் மத்தியில் கார் ஓட்ட வரி போட்டார்கள். மின்சாரக் காருக்கு அப்போது அந்த வரி இல்லை. ஆகவே வாங்க ஆள் கிடைத்தது.

ஆனால் ஐரோப்பாவில் ஒரு காரை மோதவிட்டுச் சோதித்துக் காட்டாமல் விற்க முடியாதே! எப்படி விற்றார்கள்? அதைக் கார் என்றே பதிவு செய்யவில்லை. பாட்டரி நீங்கலாக 400 கிலோ எடை, 15 கிலோவாட் சக்தி, இதற்குள் அடங்கினால் அப்போது அது வேறு ஜாதி வண்டி. அந்த ஜாதிக்கு மோதல் சோதனை கிடையாது. சட்டம் மீறப்படவில்லை, சட்டத்திலேயே வாசல் இருந்தது.

2007ல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை அந்த வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. வண்டி நசுங்கிற்று. அதன் பிறகே சட்டகத்தைப் பலப்படுத்தி, நல்ல பிரேக் வைத்துப் புது மாடல் வந்தது. முதலிலேயே செய்திருக்கக் கூடாதா?

அமெரிக்காவில் கதை வேறு. கார் முதலாளிகளின் அசட்டையை எதிர்த்து ரால்ப் நேடர் 1965ல் புத்தகம் எழுதினார். மக்களும் குரல் கொடுத்தார்கள். 1966ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே நாட்டில், ஆண்டுக்கு 10,000 கார்களுக்கு மேற்படாமல் செய்யும் கம்பெனி "பண நெருக்கடி" என்று மனுப் போடலாம். சில விதிகளிலிருந்து மூன்றாண்டு வரை விலக்குக் கிடைக்கும். இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி இப்படித்தான் நவீன காற்றுப்பை இல்லாமலே எலிஸ் காரை அங்கே விற்றது. 2011ல் விலக்கு முடிந்தது; விற்பனையும் நின்றது. அப்போது லோட்டஸின் எஜமானர் யார்? மலேசியாவின் பெரிய கார் கம்பெனியான புரோட்டான்! சின்னவன் என்று மனுப் போட்டவனின் முதுகுக்குப் பின்னால் பெரியவன்.

சின்னக் கம்பெனியின் கஷ்டம் பொய் என்று நாம் சொல்லவில்லை. சோதனைக்காக உடைக்கும் கார்களின் செலவை லட்சம் கார் விற்பவன் லட்சத்தில் பங்கிடுவான். ஆயிரம் விற்பவன் எதில் பங்கிடுவான்? எனவே எஞ்சினைப் பெரிய கம்பெனியிடம் வாங்குகிறான். எலிஸின் எஞ்சின் டொயோட்டாவினுடையது. இந்த விதிகளின் பாரமே சின்னவனை ஏகபோகத்தின் வாசலில் நிறுத்துகிறது.

ஆனால் பத்தே கார் செய்தவனின் வண்டியில் போனாலும் விலா எலும்பு உடையத்தான் செய்யும். இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், மின்சக்தி இருந்தும் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையைத் தொழிற்சாலையாகவே எண்ணவில்லை. அந்தப் பட்டறையின் பெல்ட் விரலைப் பிடித்தால் மட்டும் மெதுவாகவா பிடிக்கும்?

அமெரிக்காவில் விலக்குப் பெற்ற காரில் அதைச் சொல்லும் சீட்டு ஒட்ட வேண்டும். வாங்குகிறவர் படிப்பார். பக்கத்தில் ஏறி உட்காரும் பிள்ளை படிக்குமா?

விதியைத் தளர்த்தாதே, சோதனைச் செலவைச் சர்க்கார் ஏற்கட்டும். பொதுச் சோதனை நிலையங்களில் சின்னவனுடைய வண்டியும் மோதிப் பார்க்கப்படட்டும். முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும்.