ஏழு கல்லும் ஒரு தொப்பியும்

கடந்த நவம்பர் 29, பலஸ்தீன ஒருமைப்பாட்டுத் தினத்துக்காகத் தரம் 6 பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னேன். எல்லாத் தாளிலும் யுத்தத் தாங்கி, இரத்தம், கபன் துணி. விளையாடுகிற ஒரு பிள்ளையை யாருமே வரையவில்லை. பிள்ளைகளில் பிழையில்லை, நாம் அவர்களுக்குக் காட்டியது அவ்வளவுதான்.

மறுநாள் கரும்பலகையில் ஏழு கல் வரைந்தேன். பலஸ்தீனப் பிள்ளைகளின் 'சப்அ ஹிஜார்'. தட்டையான ஏழு கற்களை அடுக்கி, ஒரு கட்சி பந்தெறிந்து சரிக்கும். சரித்தவர்களே அதைத் திரும்ப அடுக்கவும் வேண்டும். மற்றக் கட்சி பந்தால் அடித்து அவர்களை வெளியேற்றப் பார்க்கும்.

பிறகு 'தாக் தாக் தாகியா'. தாகியா என்றால் நாம் போடும் அதே தொப்பிதான். பிள்ளைகள் வட்டமாகக் குந்தியிருப்பார்கள். ஒருவர் சுற்றி ஓடி, யாராவது ஒருவரின் பின்னால் தொப்பியைப் போட்டுவிடுவார். அவர் எழும்பித் துரத்த வேண்டும். "சேர், இது நாங்க லேஞ்சி போட்டு விளையாடுறதுதானே!" என்றான் கடைசி வாங்கில் இருந்த ஒருவன்.

1948 நக்பாவில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை இழந்தார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடிய சூடடிக்கும் களங்களும் போயின. ஆனால் விளையாட்டுக்கு மூட்டை கட்டத் தேவையில்லையே, அது முகாம் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரே ஒழுங்கையில் கட்சி பிரிந்தார்கள், சண்டை பிடித்தார்கள், கூட்டாளியானார்கள். அதற்கு ஒரு ஒழுங்கை வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை வேண்டும், வாசலில் நின்று கூப்பிட ஒரு உம்மா வேண்டும். குண்டு விழும்போது கட்டடத்தோடு இதெல்லாமும்தான் போகிறது. இதை எந்தச் செய்தியும் கணக்கெடுப்பதில்லை.

2011 ஜூலையில் காஸா கடற்கரையில் ஒரே நேரத்தில் 12,350 பட்டங்களை ஏற்றிக் கின்னஸ் சாதனை செய்ததும் இந்தப் பிள்ளைகள்தான். நம் பாடசாலைச் சுவர்களில் அந்தப் படத்தை நான் கண்டதில்லை.

"அங்க புள்ளைகள் மௌத்தாகுது, நீங்க விளையாட்டுக் கதைக்கிறீங்களா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கொடுத்தால் என் மாணவர்கள் எண்ணிக்கைக்குப் பழகிவிடுவார்கள். பந்து பட்டதா படவில்லையா என்று தொண்டை கிழியக் கத்திய பிள்ளைதான் அங்கே கொல்லப்படுகிறான் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்று இடைவேளையில் மைதானத்தில் ஏழு கல் அடுக்கியிருந்தார்கள். கல் போதாமல் இரண்டு ஓட்டுத் துண்டும் இருந்தது. "பட்டது!" "படல்ல!" என்ற சத்தம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை.