ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்!

"அடடா! மறந்தே போய்விட்டேன்!"

இந்த வார்த்தையைச் சொல்லாத மனிதர் யார்?

மின்சாரக் கட்டணம் கட்ட மறந்து போகிறது. பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் தாண்டிப் போகிறது. ஊரில் இருக்கும் அக்காளிடம் ஒரு வார்த்தை பேச மறந்து போகிறது.

மறதி குற்றம் அல்ல. அது மனித இயல்பு. ஆனால் மறதி இருக்கிறது என்று தெரிந்தும் அதற்கு ஒரு வழி தேடாமல் இருப்பது சரி அல்ல.

வழி இருக்கிறது. செலவும் அதிகம் இல்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். அதற்கு "புல்லட் ஜர்னல்" என்று பெயர்.

"புல்லட்" என்றதும் துப்பாக்கிக் குண்டோ, மோட்டார் சைக்கிளோ உங்கள் நினைவுக்கு வரலாம். இரண்டும் இல்லை. வரிசையாக எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு புள்ளி வைக்கிறோம் அல்லவா? அந்தப் புள்ளிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நாம் "புள்ளிக் குறிப்பேடு" என்று சொல்லிக்கொள்வோம்.

கண்டவர் யார்?

இந்த முறையைக் கண்டவர் அமெரிக்கரான ரைடர் கரோல். சிறு வயதில் அவரால் ஒரு விஷயத்தில் மனதை நிறுத்த முடியவில்லை. கவனக் குறைபாடு என்று டாக்டர்கள் சொன்னார்கள். பாடத்தைக் கவனிக்கவும், வேலையை முடிக்கவும் அவர் தாமே ஒவ்வொரு வழியாகச் சோதித்துப் பார்த்தார். பல ஆண்டுகளில் அது ஒரு முறையாக உருவானது. 2013-ல் அதை இணையத்தில் எல்லோருக்கும் சொன்னார். 2018-ல் புத்தகமாகவும் எழுதினார்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் தொழில் கணினித் திரைகளுக்கு வடிவம் கொடுப்பது. அப்படிப்பட்டவர் தம்முடைய மறதிக்கு மருந்தாகத் தேடிக்கொண்டது காகிதத்தைத்தான்!

எப்படித் தொடங்குவது?

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள்.

முதல் இரண்டு பக்கம் பொருளடக்கம். எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இங்கே எழுத வேண்டும். எழுத எழுதச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

அடுத்த நான்கு பக்கம் வரப்போகும் மாதங்களுக்கு. தங்கை கல்யாணம், பள்ளிக்கூடக் கட்டணம், இன்சூரன்ஸ் தவணை, இப்படித் தூரத்தில் இருப்பவற்றை மாதவாரியாக இங்கே எழுதுங்கள்.

அதற்கு அடுத்த இரண்டு பக்கம் இந்த மாதத்துக்கு. இடது பக்கத்தில் 1 முதல் 30 அல்லது 31 வரை தேதிகள், வரிக்கு ஒன்றாக. வலது பக்கத்தில் இந்த மாதம் முடிக்க வேண்டிய வேலைகள்.

பிறகு தினசரிப் பக்கம். தேதியைப் போட்டு, அன்றைய விஷயங்களை எழுத வேண்டும். நீட்டி எழுத வேண்டாம். இரண்டு மூன்று வார்த்தை போதும். வரிக்கு முன்னால் ஓர் அடையாளம்:

செய்ய வேண்டிய வேலை என்றால் புள்ளி.
நடக்கும் நிகழ்ச்சி என்றால் சிறு வட்டம்.
வெறும் குறிப்பு என்றால் சிறு கோடு.

உதாரணம் பாருங்கள்:

• மின்சாரக் கட்டணம்
• மிதிவண்டிக்குப் பஞ்சர்
○ மாலை 6 மணி, பெற்றோர் கூட்டம்
– தம்பிக்கு நீச்சல் பிடித்திருக்கிறது

வேலை முடிந்ததா? புள்ளியின் மேல் பெருக்கல் குறி போடுங்கள். தேவை இல்லை என்று தெரிந்ததா? வரியை அடித்துவிடுங்கள். அவ்வளவுதான் பாடம்.

தேதி அச்சடித்த டைரி உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் எழுதுவோம். பிப்ரவரியில் நின்றுவிடும். காலியான பக்கங்களைப் பார்த்தால் வெட்கம் வரும். டைரி பரண் மேல் ஏறிவிடும். இந்த நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. பத்து நாள் எழுதாவிட்டாலும் பக்கம் வீணாகாது. விட்ட இடத்துக்கு அடுத்த வரியில் இன்றைய தேதியைப் போட்டுத் தொடங்கலாம்.

உயிர் எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னது உடல். இந்த முறையின் உயிர் மாதக் கடைசியில் இருக்கிறது.

கடைக்காரர் என்ன செய்கிறார்? பேரேட்டில் பக்கம் முடிந்ததும் பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகிறார். அதைப் போலவே நாமும் செய்ய வேண்டும். மாதம் முடிந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். பெருக்கல் குறி விழாத புள்ளிகள் எத்தனை?

ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். "இது உண்மையிலேயே வேண்டுமா?" வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். வேண்டும் என்றால் புதிய மாதத்துக்கு உங்கள் கையாலேயே மறுபடி எழுதுங்கள். எழுதிய அடையாளமாகப் பழைய புள்ளியை அம்பு முனையாக்குங்கள்.

"மறுபடி எழுதுவது வீண் வேலை அல்லவா?" என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு வரி.

"அம்மாவுக்குக் கண் காட்ட வேண்டும்."

இது நான் ஒரு ஜூன் மாதத்தில் எழுதிய வரி. அலுவலக வேலை, விருந்தாளி, மழை என்று ஏதோ ஒரு காரணம். போகவில்லை. ஜூலைக்கு அந்த வரியை மறுபடி எழுதினேன். ஜூலையும் போனது. ஆகஸ்டுக்காகப் பேனாவை எடுத்தேன். "அம்மாவுக்கு" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

புதுச் செருப்பு வாங்குவது என்று எழுதினேன், வாங்கிவிட்டேன். நண்பரின் வீட்டு விழா என்று எழுதினேன், போய் வந்துவிட்டேன். இரண்டாவது முறையாகத் தள்ளிப் போனது அம்மாவின் கண் மட்டும்தான்! என் கையெழுத்தே என்னைக் குற்றம் சாட்டியது.

மறுநாள் காலையில் விடுமுறை சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். சிகிச்சை நடந்தது. இப்போது அம்மாவுக்கு நன்றாகத் தெரிகிறது.

"முன்னாலேயே சொல்லக் கூடாதா அம்மா?" என்று கேட்டேன்.

"உனக்கு ஆயிரம் வேலை. நானும் ஒன்று சேர்க்க வேண்டுமா என்று பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார்.

நம் வீட்டில் வாய் திறந்து கேட்காதவர்களின் வேலைதான் எப்போதும் தள்ளிப் போகிறது. அதைக் காட்டிக் கொடுத்தது இந்த நோட்டு.

செல்போன் இருக்கிறதே?

"செல்போனே நினைவுபடுத்துமே, நோட்டு எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள்.

நல்ல கேள்வி. காலையில் எழுப்புவதற்கும், மாத்திரை நேரத்தைச் சொல்வதற்கும் செல்போன் நல்லதுதான். ஆனால் செல்போனில் எழுதிய வேலை ஆறு மாதம் ஆனாலும் அங்கேயே சத்தம் இல்லாமல் கிடக்கும். மணி அடித்தால் விரலால் தள்ளிவிடுவோம். அதில் சிரமம் இல்லை. சிரமம் இல்லாததால் வெட்கமும் இல்லை. கையால் மறுபடி எழுதும் சிரமம்தான் நம்மை யோசிக்க வைக்கிறது.

எழுதி வைத்தால் மனதின் பாரமும் குறையும். அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களையும் இளம் பெண்களையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. படுக்கும் முன் 5 நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளைச் சிலர் எழுதினார்கள். முடித்த வேலைகளை மற்றவர்கள் எழுதினார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்களே சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஒரே ஒரு இரவுச் சோதனைதான். என்றாலும் படுக்கையில் புரண்டு கவலைப்படுகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

அலங்காரம் வேண்டாம்

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இந்தக் குறிப்பேட்டின் படங்களைப் பார்த்தால் மலைப்பு வரும். வண்ணப் பேனா, பூ வேலை, ஒட்டும் படங்கள், விலை உயர்ந்த நோட்டு! அதைப் பார்த்துவிட்டு, "எனக்குப் படம் வரையத் தெரியாது. நமக்கு இது சரிப்படாது" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர்.

ஆசை இருந்தால் வரையுங்கள். தவறு இல்லை. ஆனால் வேலை செய்வது புள்ளிதான், பூ அல்ல. கோணல் கையெழுத்தும் போதும். எழுத்துக்கூட்டி எழுதுகிறவர்களுக்கும் இது ஏற்றது. ஒரு வரிக்கு இரண்டே வார்த்தைதானே!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வளரும் பிள்ளைகளுக்கும் இது நல்ல பழக்கம். வீட்டுப் பாடம், பரீட்சைத் தேதி, தோழியின் பிறந்த நாள் எல்லாம் அவர்கள் பொறுப்பில் வரும். "எழுது, எழுது" என்று விரட்டாதீர்கள். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அவர்களும் எழுதுவார்கள்.

இன்னொன்று: பிள்ளையின் நோட்டை ஒளிந்து படிக்காதீர்கள். ஒரு தடவை படித்துவிட்டால், பிறகு அதில் உண்மை இருக்காது. நோட்டு இருக்கும், நம்பிக்கை போயிருக்கும்.

வீட்டில் பாதி எழுதிய பழைய நோட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு, மீதிப் பக்கத்துக்கு எண் போடுங்கள். இன்றைய தேதியை எழுதுங்கள். ஒரு புள்ளி வையுங்கள்.

அந்த முதல் புள்ளிக்குப் பக்கத்தில், உங்களிடம் எதையும் கேட்காமல் காத்திருப்பவர் யாரோ, அவருக்குச் செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள்.