மாமல்லபுரத்தில் கூடிய இன்னொரு கூட்டம்

மாமல்லபுரத்துக்கு உலகம் வந்து போன நாட்கள் எவை என்று கேட்டால், நம்மில் யாரும் இரண்டைச் சொல்லிவிடுவோம். 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் சந்தித்தது ஒன்று. 2022-ல் நடந்த செஸ் ஒலிம்பியாட் இன்னொன்று. இரண்டுக்கும் ஈ.சி.ஆர். சாலை கல்யாண வீடு மாதிரி ஆயிற்று.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 2010 ஜூலையில் அங்கே பல நாடுகளிலிருந்து மீனவப் பெண்களும், அவர்களோடு வேலை செய்கிறவர்களும் வந்து கூடினார்கள். வாழைமரம் கட்டவில்லை, போலீஸ் பந்தோபஸ்து இல்லை. கூட்டியது மீன்பிடித் தொழிலாளர்களுக்கு ஆதரவான சர்வதேசக் கூட்டமைப்பு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.சி.எஸ்.எஃப். என்பார்கள். 1986-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது, அலுவலகம் நம் சென்னையில். மீனவச் சமுதாயத்தின் வாழ்வும் வாழ்வாதாரமும் நிலைக்கப் பெண்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் பேச்சு. பேசி முடித்து, பொதுவான கோரிக்கைப் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு கலைந்தார்கள்.

இதை நான் சொன்னபோது, என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், இவங்க ரூம் போட்டுத் தீர்மானம் எழுதுறதால கொக்கிலமேட்டுல கூடை தூக்குற அம்மாவுக்கு என்ன சார் லாபம்?"

நியாயமான கேள்வி. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் செய்தவன் என்ற முறையில் எனக்குக் காகிதத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. காகிதம் சோறு போடாது. ஆனால் காகிதத்தில் இல்லாதவனுக்குச் சோறு போட எந்த அதிகாரியாலும் முடியாது.

சுனாமிக்குப் பிறகு நான் பார்த்தது இது. நிவாரணக் கணக்கெடுப்புப் படிவம் எங்கள் மேஜைக்கு வந்தது. படகுக்கு ஒரு கட்டம், இன்ஜினுக்கு ஒரு கட்டம், வலைக்கு ஒரு கட்டம். மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்து நின்றார். அவர் இழந்தது இரண்டு அன்னக்கூடை, ஒரு தராசு, காயப்போட்டிருந்த கருவாடு, முந்தின நாள் வட்டிக்கு வாங்கிய ரூபாய். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிவத்தின்படி அவருக்கு நஷ்டமே இல்லை. "உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா" என்றுதான் கேட்க முடிந்தது. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கட்டம் இல்லாத படிவம் நம் ஊரில் மட்டும் அச்சடித்ததல்ல. கடலுக்குப் போகிறவர்தான் மீனவர், கரையில் ஏலம் எடுப்பவரும் உப்புப் போட்டுக் காயவைப்பவரும் சுமந்து விற்பவரும் மீனவரின் மனைவி என்பதே உலகம் முழுக்கக் கணக்காக இருந்தது. நான் சிறுவயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இன்றும் பிரெஞ்சில் எதுவும் கண்ணில் பட்டால் விடமாட்டேன். அப்படிப் படித்ததுதான் பிரெத்தாஞ் கடற்கரைப் பெண்களின் கதை. 1993, 94-ல் பிரான்சில் மீன் விலை சரிந்து மீனவர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, கணக்கு எழுதி, மீன் விற்று, வங்கிக்கு அலைந்த மனைவிமார் தாங்களும் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1997 நவம்பரில் வந்த பிரெஞ்சு மீன்பிடிச் சட்டம், தொழிலில் உடன் உழைக்கும் மனைவி என்று அவர்களுக்கு ஒரு சட்டத் தகுதியைக் கொடுத்தது. அதோடு ஓய்வூதிய உரிமையும் வந்தது. அத்தனை வளர்ந்த நாட்டிலேயே அதற்கு 1997 ஆக வேண்டியிருந்தது!

பெண்கள் சங்கமாகச் சேர்ந்து சுற்றுச்சூழல் விஷயத்தில் உலக அரங்கில் எழுத்து வாங்கியதற்கு இதற்கு முன்பும் உதாரணம் உண்டு. 1991 நவம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரில் 83 நாடுகளிலிருந்து சுமார் 1,500 பெண்கள் கூடித் தங்கள் செயல்திட்டத்தை எழுதினார்கள். அடுத்த வருஷம் ரியோ மாநாட்டு ஆவணத்தில் பெண்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்ந்தது, 24-ஆவது அத்தியாயம். பேசியே காலம் கழிப்பவர்கள் என்று இவர்களைக் கேலி செய்வது சுலபம்.

நம் கடற்கரைக்கு வருவோம். 2008-ல் பாங்காக்கில் சிறு அளவிலான மீன்பிடிப்பு பற்றி ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு ஒரு மாநாடு நடத்தியது. சிறு மீனவர்களுக்கென்று தனி உலக நெறிமுறை வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது. 2010-ல் மாமல்லபுரத்துக் கூட்டம். 2011-ல் அந்த அமைப்பின் மீன்வளக் குழு, சரி, எழுதலாம் என்று சம்மதித்தது. பிறகு பல நாடுகளில் கலந்தாய்வு, 2013-லும் 2014-லும் ரோமில் அரசுகள் உட்கார்ந்து வரி வரியாகப் பேச்சுவார்த்தை. மீனவர் அமைப்புகளும் அங்கே இருந்து விடாமல் வாதாடின. 2014 ஜூனில் நெறிமுறைகள் நிறைவேறின.

இந்த வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் சந்திரிகா சர்மா. சென்னையில் ஐ.சி.எஸ்.எஃப். செயலாளராக இருந்தவர். பெயர் சொன்னால் தெரியாமல் இருக்கலாம், சம்பவம் சொன்னால் தெரியும். 2014 மார்ச் 8-ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து கிளம்பிக் காணாமல் போன எம்.எச். 370 விமானத்தில் அவர் இருந்தார். மங்கோலியாவில் உணவு விவசாய அமைப்பின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து அந்த நெறிமுறைகள் நிறைவேறியபோது, அவற்றை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். அச்சிட்ட புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. விமானத்தைப் பற்றி நம் டி.வி.க்கள் மாதக்கணக்கில் பேசின. அவர் எந்த வேலையாகப் போனார் என்று எத்தனை பேர் சொன்னார்கள்?

அந்தப் புத்தகத்தை நான் பிரெஞ்சில்தான் முதலில் படித்தேன். தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் 'சிறு அளவு' என்கிற இடத்தில் பிரெஞ்சில் 'ஆர்த்திசனால்' என்று இருக்கிறது, அதாவது கைத்தொழிலாளியின் தொழில். எனக்குப் பிரெஞ்சுச் சொல்தான் பிடித்தது. சிறிது என்று சொன்னால் மதிப்பும் சிறிதாகிவிடுகிறது. உலகில் கடல், ஆறு, ஏரிகளில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்தச் சிறு தொழில்காரர்கள் என்று முன்னுரையிலேயே இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள் என்றும் இருக்கிறது.

அதன் 8-ஆவது பகுதி முழுக்கப் பெண்களைப் பற்றியது. மீன்வளக் கொள்கை முடிவுகளில் அவர்களுக்குச் சம பங்கு வேண்டும் என்கிறது. 7-ஆவது பகுதியில், பிடித்த பின் நடக்கும் வேலையில் பெண்களின் பங்கை எல்லோரும் அங்கீகரிக்க வேண்டும், அவர்களுக்கேற்ற வசதிகளை அரசு செய்து தர வேண்டும் என்று வருகிறது. 5-ஆவது பகுதி நிலமும் நீரும் பற்றியது: வழக்கமாகப் புழங்கி வரும் இடத்திலிருந்து மீனவச் சமுதாயத்தைக் கண்டபடி வெளியேற்றக் கூடாது.

நண்பர் விடுவாரா? "தன்விருப்ப நெறிமுறைன்னு அட்டையிலேயே போட்டிருக்கு. விருப்பம் இருந்தா செய், இல்லாட்டி விடு. இதுக்கா இத்தனை பாடு?"

அட்டையில் இருப்பது உண்மைதான். ஆனால் கட்டாயமில்லாத காகிதம் கட்டாயமான காகிதத்துக்கு வழி விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். 1981-ல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கெடுக்காமல் வைத்திருங்கள் என்று. வெறும் கடிதம்தான். பத்து வருஷம் கழித்து 1991-ல் அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக, சட்ட பலத்தோடு வந்தது.

நல்லது நடக்கவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் மீனவ மகளிருக்கென்றே தனிச் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால் 3,000 சேர்த்து 4,500 ஆகக் கிடைக்கும். தொகை பெரிதல்ல. ஆனால் கணவர் பெயரைக் கேட்காமல், பெண்ணை மீனவப் பெண் என்று எழுதுகிற பதிவேடு ஒன்று இருக்கிறதே, அதுவே சுனாமி நாளில் என் மேஜையில் இல்லாதது.

குறை எங்கே என்றால், கரையில். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் ரிசார்ட் காம்பவுண்டு சுவர், மறுபக்கம் அரித்துக்கொண்டு வரும் கடல். நடுவில் மிஞ்சும் மணலில்தான் படகை ஏற்ற வேண்டும், வலை பிரிக்க வேண்டும், ஏலம் போட வேண்டும், கருவாடு காய வேண்டும். இடம் குறையும்போது முதலில் போவது கருவாட்டு இடம். படகுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், சத்தம் போடுவார். கருவாட்டு மணலுக்குப் பட்டா கிடையாது. வருவாய்க் கணக்கில் அது கடற்கரைப் புறம்போக்கு, அவ்வளவுதான். புறம்போக்கு என்றால் காலி இடம் என்று வாசிப்பது நம் துறையின் பழைய வியாதி. ஐம்பது வருஷமாகத் தினமும் பெண்கள் குனிந்து மீன் பரப்பிய இடத்தை 'உபயோகத்தில் இல்லை' என்று எழுதிய கோப்பை நான் படித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2011-ஆம் வருஷத்து கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். மீனவ கிராமங்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் தளங்கள் எல்லாவற்றையும் சர்வே வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 'மீன் உலர்த்தும்' என்ற அந்தச் சொல் ஒரு அரசு அறிவிக்கையில் ஏறியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஆனால் 2019 அறிவிக்கையின்படி தயாரித்த தமிழ்நாட்டு வரைவு வரைபடங்கள் 2023-ல் வெளியானபோது, தங்கள் ஊரும் பொது இடங்களும் விட்டுப் போயிருக்கின்றன என்று மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ரோம் வரை போய் வாங்கி வந்த எழுத்து, தாலுகா மேப்பில் ஒரு சின்னக் கோடாக விழாமல் நின்றுவிடுகிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஒவ்வொரு குப்பத்திலும் கருவாடு காயும் இடம், ஏலம் நடக்கும் இடம், பெண்கள் கடலுக்கு இறங்கும் பாதை மூன்றையும் அளந்து, சர்வே நம்பரோடு, 'மீனவ மகளிர் பொது உபயோகம்' என்று வருவாய்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அளக்கும்போது ஊர்ப் பெரியவர்களை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. அந்த மணலில் வேலை செய்கிற அம்மாக்களை நிற்கவைத்து, அவர்கள் காட்டுகிற எல்லையைக் குறிக்க வேண்டும். 8-ஆவது பகுதி கேட்பதும் இதைத்தான்.

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்திலும் வருவாய், நில அளவைத் துறைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்! எப்.எம்.பி. ஸ்கெட்ச் படிக்க அந்த அம்மாக்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அக்டோபர் 2 கிராம சபைக்குள் ஒரு குப்பத்துக்காவது போய், அவர்கள் காட்டும் இடத்துக்குச் சர்வே நம்பரும் உட்பிரிவும் எடுத்துக் கொடுத்தால், தீர்மானத்தை அவர்களே கொண்டுவருவார்கள். சர்வே நம்பர் இல்லாமல் போகிற மனு என்ன குறிப்போடு திரும்பி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.