மாணவிகளின் மார்பக வலி: பயம் ஏன்?

கல்லூரி விடுதியில் ஒரு மாணவி இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். மார்பகம் இரண்டும் கனத்து வலிக்கின்றன. புரண்டு படுத்தால் வலி. படி இறங்கினால் வலி. "புற்றுநோயாக இருக்குமோ?" என்று அஞ்சுகிறாள். தோழியிடம் சொல்லவும் வெட்கம்.

நாலு நாளில் மாதவிலக்கு வருகிறது. வலி தானாகவே போய்விடுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் அதே வலி, அதே பயம்!

இது அபூர்வமானது அல்ல. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் 1,659 பெண்களிடம் விசாரித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் மார்பக வலி உண்டு என்றார்கள்.

வலி ஏன் வருகிறது? மாதந்தோறும் சினைப்பையிலிருந்து முட்டை வெளியாகிறது. பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு நீர்கள் ரத்தத்தில் கூடுகின்றன. கரு தங்கினால் குழந்தைக்குப் பால் வேண்டுமே! அதற்காக மார்பகம் தயாராகிறது. பால் சுரப்பிகள் சற்று வீங்குகின்றன. அதனால்தான் கனம். அக்குள் பக்கத்தில் வலி அதிகம் இருக்கும். கரு தங்காவிட்டால் சுரப்பு நீர் குறைகிறது, மாதவிலக்கு வருகிறது, வலியும் அடங்குகிறது.

இதைப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். கணக்கும் ரசாயனமும் படிக்கிறவளுக்குத் தன் உடம்பு தெரியவில்லை!

வேல்ஸ் நாட்டில் கார்டிப் நகர டாக்டர்கள் ஒரு நல்ல முறை கண்டார்கள். ஓர் அட்டை, நாளுக்கு ஒரு கட்டம். கடும் வலி என்றால் முழுக் கட்டமும் கறுப்பு. லேசான வலி என்றால் பாதி. வலி இல்லையா? கட்டத்தை அப்படியே விட்டுவிடலாம். மாதவிலக்கு நாளுக்குத் தனிக் குறி. நமக்குச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். இரண்டு மூன்று மாதம் குறித்துப் பாருங்கள். மாதவிலக்குக்கு முன்னால் கறுப்பு கூடி, பிறகு மறைகிறதா? பயம் வேண்டாம்.

உள்பாடி அளவாக இருக்கட்டும். அக்காவின் பழையதைத் தங்கைக்குக் கொடுத்து, "இது போதும்" என்று சிக்கனம் பார்க்காதீர்கள். ஓடி விளையாடும் பெண்ணுக்கு அதற்கென்றே தைத்தது வேண்டும்.

ஆனால் கட்டி தட்டுப்பட்டால், காம்பில் ரத்தம் கசிந்தால், தோல் குழிந்தால், சிவந்தால், ஒரே இடத்தில் வலி நின்றுவிட்டால், காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். "பெண் டாக்டர்தான் வேண்டும்" என்று மகள் கேட்டால், தாய்மார்களே, அதைத் தட்டாதீர்கள்.