பணிமனையில் நிற்கும் புது லாரிக்கு யார் பொறுப்பு?

காவேரிப்பாக்கத்தைக் கடந்து செல்லும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ராணிப்பேட்டையின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் ரசாயன மூட்டைகள், பேரணாம்பட்டிலிருந்து சென்னைப் பெரியமேட்டுக்குப் போகும் தோல் கட்டுகள், ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் காலணிப் பெட்டிகள் என்று இந்த வட்டாரத்தின் பிழைப்பே லாரியை நம்பித்தான் இருக்கிறது. அந்த லாரிகளில் கணிசமானவை, ஒரே ஒரு வண்டியை வைத்து அதைத் தானே ஓட்டுகிறவர்களுடையவை. நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி வண்டி எடுப்பவர்கள் அவர்கள். வண்டி ஓடினால்தான் மாதத் தவணை கட்ட முடியும்.

அப்படி எடுத்த புது வண்டி ஒரே கோளாறுக்காகத் திரும்பத் திரும்பச் சர்வீஸ் சென்டருக்குப் போனால் என்ன ஆகும்? லோடு கைமாறும். வாடிக்கையாளர் வேறு வண்டியைத் தேடிக்கொள்வார். தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு வண்டியின் பழுது ஒரு பொருட்டல்ல. கடன் ஒப்பந்தம் வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு. இந்த நெருக்கடியில் சிக்கியவருக்கு நம் சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஆனால், குறையை நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டு, நிரூபிக்கத் தேவையான தரவுகளை உற்பத்தியாளரின் கையில் விட்டுவைத்திருக்கிறது அதே சட்டம். மாற வேண்டியது இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத பழுது

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசல் லாரியின் புகைக்குழாய்க்குள் ஒரு சிறு ரசாயனக்கூடமே குடியேறியது. கரித்துகளைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி, அது அடைத்துக்கொண்டால் வெப்பத்தை ஏற்றி எரித்துச் சுத்தம் செய்யும் ஏற்பாடு, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பு, இவை எல்லாவற்றையும் கண்காணிக்கும் சென்சார்கள். ஏதேனும் ஒரு சென்சார் தவறான அளவைக் காட்டினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி இழுவையைத் தானே குறைத்துவிடும். லோடு ஏற்றிய வண்டி மேட்டில் திணறி நிற்கும்.

காற்று மாசைக் குறைக்க இந்தத் தொழில்நுட்பம் அவசியம். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், அதனால் பழுதின் தன்மையே மாறிவிட்டது. முன்பு இன்ஜின் சத்தத்தை வைத்தே சாலையோர மெக்கானிக் குறையைச் சொல்லிவிடுவார். வேறொரு மெக்கானிக் அதை உறுதிசெய்யவும் முடியும். இன்றைய பழுது ஒரு குறியீட்டு எண்ணாகக் கணினிக்குள் கிடக்கிறது. அதை முழுமையாகப் படிக்கும் மென்பொருள் பெரும்பாலும் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில்தான் இருக்கிறது. பழுதை நீக்கியதும் அந்தக் குறியீட்டை அழிப்பவரும் அங்கிருக்கும் ஊழியர்தான்.

‘மேட்டில் இழுவை இல்லை, விளக்கு எரிகிறது’ என்று ஓட்டுநர் சொல்கிறார். பணிமனை எழுதும் ஜாப் கார்டில் அது ‘பொதுச் சோதனை’ என்று பதிவானால், நான்கு முறை போயும் நான்கு சாதாரணச் சோதனைகளாகத்தான் காகிதத்தில் நிற்கும். வழக்கு என்று வரும்போது ஒரே கோளாறு மறுபடி மறுபடி வந்தது என்பதற்குத் தடயமே இருக்காது.

லாரி வாங்கியவர் நுகர்வோரா?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் ஆட்சேபம், லாரி வணிக நோக்கத்துக்காக வாங்கப்பட்டது என்பதே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே வரையறை விளக்குகிறது.

முந்தைய நுகர்வோர் சட்டத்திலும் இருந்த இந்த விளக்கத்துக்கு உயிர் கொடுத்த தீர்ப்பில் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று வழக்கு தோற்றது. ஆனால், யார் நுகர்வோர் என்பதை விளக்க நீதிமன்றம் தந்த உதாரணங்களில் லாரியும் இருந்தது. பொதுச் சரக்கு வண்டியாகத் தானே ஓட்டுவதற்கு லாரி வாங்குபவர் நுகர்வோர். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோரே. 2009இல் மதன் குமார் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது உச்ச நீதிமன்றம். ஏலத்தில் லாரி வாங்கியவர் அதற்கு ஓட்டுநரை நியமித்தாலும், அவருடைய பிழைப்பு அந்த லாரியில்தான் என்பது மாறிவிடாது என்று சொன்னது.

2024 மே மாதம் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பும் முக்கியமானது. வணிக நோக்கம் என்று ஆட்சேபம் எழுப்புபவரே முதலில் அதை நிரூபிக்க வேண்டும்; அதன் பிறகுதான் பிழைப்புக்காக வாங்கினேன் என்று காட்டும் பொறுப்பு புகார்தாரருக்கு வரும். ஆகவே, புகார் மனுவிலேயே ஒரே வண்டி, தன் பெயரில் ஓட்டுநர் உரிமம், வேறு வருமானம் இல்லை என்ற விவரங்களைத் தெளிவாக எழுதிவிடுவது அவசியம். எழுதாமல் விட்டதாலேயே தோற்க நேரிடலாம்.

பல வண்டிகள் வைத்துத் தொழில் செய்பவருக்கு இந்த வழி பொதுவாக இல்லை. சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் கீழ் உரிமையியல் நீதிமன்றத்துக்கோ வணிக நீதிமன்றத்துக்கோ அவர் போக வேண்டும். வாங்கும் நோக்கத்துக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும், விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை அச்சட்டத்தின் 16ஆவது பிரிவு விற்பனையாளர் மீது சுமத்துகிறது. ஆனால், செலவில் பெரும் வித்தியாசம் உண்டு. 40 லட்சம் ரூபாய் லாரிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்குக்கான கட்டணமோ 3 விழுக்காடு, அதாவது 1.20 லட்சம் ரூபாய்.

நிரூபிக்கும் சுமை

விலையாகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். பழுதை நீக்குவது, வண்டியை மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது, இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிட முடியும். விசாரணைக் காலத்தில் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். புகார் செய்ய இரண்டு ஆண்டுகள் அவகாசம். ‘அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும்’ என்ற வாக்கை நம்பி அந்தக் காலத்தைக் கரையவிடக் கூடாது.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் வழக்குகள் தடுமாறும் இடம் ஒன்றுதான். வண்டியில் இருப்பது உற்பத்திக் குறையா என்ற கேள்வி. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், 2006இல் உச்ச நீதிமன்றம் வாரண்டியின் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. பழுதான பாகத்தை மாற்றுவதுதான் ஒப்பந்தம், முழுக் காரையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்றது. 2010இல் சி.என்.அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் காற்று வேறு பக்கம் வீசியது. சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் உள்ளார்ந்த உற்பத்திக் குறை இருப்பதாகச் சொன்னால், காரின் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது அதே நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், வழக்கின் தலைவிதி வல்லுநரின் அறிக்கையில்தான் இருக்கிறது என்பது புரியும்.

அந்த அறிக்கை யாருக்கு எளிது? சோதனை தேவைப்படும் குறை என்றால் ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் சட்டத்தின் 38ஆவது பிரிவு வழி செய்கிறது. கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். வண்டி முடங்கி, வருமானம் நின்றுபோனவரிடம்தான் இந்தச் செலவு வந்து சேர்கிறது. எதிரில் இருப்பவரிடமோ பொறியாளர்கள், வரைபடங்கள், அந்த மாதிரி வண்டிகள் அத்தனையின் பழுதுப் பதிவுகளும் இருக்கின்றன.

ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த உண்மையை நிரூபிக்கும் சுமை அவரையே சேரும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லும் அதிகாரமும் நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. வண்டியின் கணினியில் பதிவான பழுது வரலாற்றைத் தாக்கல் செய்யுமாறு ஒவ்வொரு லாரி வழக்கிலும் மனு போட வேண்டும். தராமல் மறைத்தால் அதையே எதிராகக் கருத ஆணையங்கள் தயங்கக் கூடாது.

பாதி திறந்த கதவுகள்

2019ஆம் ஆண்டுச் சட்டம் ‘பொருள் பொறுப்பு’ என்ற புதிய அத்தியாயத்தைக் கொண்டுவந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால், அதில் ‘தீங்கு’ என்பதன் வரையறை, பொருளுக்கே ஏற்படும் சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்புகளையும் விலக்கிவிட்டது. பிரேக் பிடிக்காமல் விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டால் அந்த அத்தியாயம் உதவும். வண்டி மாதக்கணக்கில் பணிமனையில் நின்றதற்கு உதவாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால், அந்த வகை வண்டிகளை மொத்தமாகத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிடலாம். குறிப்பிட்ட விழுக்காட்டு உரிமையாளர்கள் குறையைத் தெரிவிப்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. இதில் லாரி உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. புகைச் சுத்திகரிப்பு அமைப்பு அடிக்கடி பழுதாவது உரிமையாளரின் சொந்தத் தொல்லை மட்டுமல்ல, சுற்றுச்சூழல் கேடும்கூட. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சர்வீஸ் மேலாளரிடம் வாதாடுவதைவிட, லாரி உரிமையாளர் சங்கங்கள் மாதிரி வாரியாகப் பழுதுகளைத் தொகுத்து அரசிடம் பதிவு செய்தால் இந்தப் பிரிவுக்கு வலிமை வரும். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு கூட்டாகப் புகார் செய்யவும் நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது.

மற்ற நாடுகள் காட்டும் வழி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஒரே குறையை நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டால், வண்டியை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் இத்தகைய விதிகள் அமலில் உள்ளன. பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் குறை தென்பட்டால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் இதே திசையில் செல்கிறது. இந்தியாவில் இப்படி ஒரு அனுமானம் சட்டத்தில் எழுதப்படவில்லை.

எழுதுவதற்கு நமக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. பிழைப்புக்காகப் பொருள் வாங்கும் சிறு தொழிலாளியை நுகர்வோராக ஏற்றுக்கொண்ட சட்டம் நம்முடையது. அந்த வரையறையோடு அனுமானத்தையும் சேர்த்துவிட்டால் ஆட்டோ, லாரி, டிராக்டர், தறி, தையல் இயந்திரம் என்று கடன் வாங்கிப் பிழைக்கும் எல்லோரும் பயன்பெறுவார்கள்.

அதிக பாரம் ஏற்றுவது, கலப்பட யூரியாக் கரைசல், சரியான பராமரிப்பு இன்மை என்று உற்பத்தியாளர்கள் காரணம் சொல்வார்கள். சில வழக்குகளில் அது உண்மையாகவும் இருக்கும். அனுமானம் என்பது தீர்ப்பு அல்ல; அதை முறியடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. இன்ஜின் எவ்வளவு சுமையில், எந்த வெப்பநிலையில் ஓடியது என்ற பதிவுகள் அவர்களுடைய மென்பொருளில்தான் கிடைக்கின்றன. தங்கள் வாதத்துக்கு ஆதாரம் கையிலிருப்பவர்கள் அதை எடுத்துவைக்கட்டும்.

அரசு செய்ய வேண்டியவை

நாடாளுமன்றம் நுகர்வோர் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். வாங்கிய முதலாண்டுக்குள் ஒரே கோளாறுக்காக வண்டி மூன்று முறை பணிமனைக்குப் போயிருந்தாலோ, மொத்தம் 30 நாட்கள் ஓடாமல் நின்றிருந்தாலோ, உற்பத்திக் குறை இருப்பதாக அனுமானிக்க வேண்டும். ஓட்டுநர் சொன்ன குறையை அவர் சொன்ன மொழியிலேயே ஜாப் கார்டில் பதிவதும், பழுதுக் குறியீடுகளை அச்சிட்டு நகல் தருவதும் கட்டாயமாக வேண்டும்.

திருத்தம் வரும்வரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டு ஆய்வகங்களை அங்கீகரிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. காவேரிப்பாக்கத்திலிருந்து சில மணி நேரத் தொலைவுக்குள் ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் செயல்படுகிறது. ஆட்டோமொபைல் துறை கொண்ட பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. இவற்றிலிருந்து வல்லுநர் குழு ஒன்றை அமைத்து, ஓட்டுநர்-உரிமையாளர்களின் சோதனைக் கட்டணத்தை நுகர்வோர் நல நிதியிலிருந்து கொடுத்தால், வல்லுநர் அறிக்கை வசதி படைத்தவர்களுக்கு மட்டும் கிடைப்பதாக இருக்காது.

அதுவரை லாரி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது, சொன்ன குறை முழுதாக எழுதப்படாத ஜாப் கார்டில் கையெழுத்துப் போட மறுப்பது; வண்டி உள்ளே போன தேதிக்கும் வெளியே வந்த தேதிக்கும் ஆதாரம் வைத்துக்கொள்வது; கைவிட்டுப்போன லோடுகளின் கணக்கைக் குறித்துவைப்பது; குறை திரும்பவும் தலைகாட்டிய அன்றே உற்பத்தியாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது. வழிகாட்ட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. முழு விலையையும் வட்டியையும் கட்டுபவருக்கு முழுதாக ஓடும் வண்டி கிடைக்க வேண்டும். கிடைக்காதபோது அதற்கான காரணத்தை விளக்க வேண்டியவர் வண்டியைச் செய்து விற்றவரே என்று சட்டம் தெளிவாகச் சொல்லட்டும்.