டிசம்பரின் ஜெபத்தைச் செப்டம்பரில் தொடங்குவோம்

அன்பான உடன் ஊழியர்களே,

இந்தச் செப்டம்பர் இதழ் உங்கள் கைக்கு வரும்போதே டிசம்பர் தேதிகள் டைரியில் ஏறத் தொடங்கியிருக்கும். கேரல் ஆராதனை, ஞாயிறு பள்ளிப் பண்டிகை, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கூடுகை, வாலிபரின் கேரல் ரவுண்ட்ஸ், பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கிறிஸ்துமஸ் செய்தி, படுக்கையிலிருக்கும் முதியோருக்கு வீட்டில் திருவிருந்து, 25ஆம் தேதி அதிகாலை ஆராதனை, 31 இரவு வாட்ச்நைட் ஆராதனை. சேகரத்தில் ஐந்தாறு ஊர்கள் இருந்தால் இவற்றில் பாதியை ஐந்தாறு முறை நடத்த வேண்டும். நடுவே ஒரு மரணம், ஒரு விபத்து, ஒரு குடும்பச் சண்டை. இவை டைரியைப் பார்த்து வருவதில்லை.

அந்த மாதத்தில் குருவானவர் ஜெபிக்காத நாளே கிடையாது. சில நாட்களில் பத்து இடங்களில் ஜெபிக்கிறார். அவை யாவும் பிறர் முன்னிலையில், பிறருக்காக ஏறெடுக்கப்படுபவை. கதவைப் பூட்டிக்கொண்டு ஆண்டவருக்கு முன்பாகத் தனியே நிற்கும் ஜெபம் அதே மாதத்தில்தான் முதலில் கைநழுவுகிறது. வாய் ஜெபித்துக்கொண்டே இருப்பதால் அதை இழந்துவிட்டோம் என்பதுகூடப் பல நாட்களுக்கு உறைப்பதில்லை. ஜனவரியில் சோர்வும் எரிச்சலும் வரும்போதுதான் தெரிகிறது. நம் ஊழியத்தில் இது பெரிய ஆபத்து என்று நான் நம்புகிறேன். ஆகவே டிசம்பரைப் பற்றி இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

சொல்ல வந்தது இதுதான். நெருக்கடியான காலத்தில் தனிஜெபத்தைக் காப்பாற்றப்போவது அந்த நேரத்து வைராக்கியம் இல்லை. முன்கூட்டியே தொடங்கிய, அளவில் சிறிய, சபைக்குத் தெரிந்த ஓர் ஒழுங்குதான் அதைக் காப்பாற்றும்.

வேதம் இதை நெருக்கடியின் நடுவிலேயே வைத்துக் காட்டுகிறது. மாற்கு முதலாம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் ஓய்வுநாள் முடிந்த மாலையில் பட்டணம் முழுவதும் வாசலில் கூடியிருந்தது. அப்படி உழைத்த இரவுக்கு மறுநாள் இருட்டோடே இயேசு வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றார்கள். அவரோ அந்தக் கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். எந்த அழைப்பை ஏற்பது, எதை விடுவது என்ற தெளிவு அந்த விடியற்கால ஜெபத்தோடு சேர்ந்தே வந்தது. டிசம்பரில் நமக்கு அதிகம் தேவைப்படுவது அந்தத் தெளிவுதான். ஜெபிக்காத ஊழியர் வருகிற எல்லா அழைப்புக்கும் தலையாட்டிவிடுகிறார்.

நாம் மேடையில் அடிக்கடி சொல்லும் ஓர் உதாரணத்தையும் சரியான இடத்தில் வைக்க வேண்டும். மார்ட்டின் லூத்தர் நாளுக்கு மூன்று மணி நேரம் ஜெபித்தார் என்பது அது. 1530இல் அவர் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது உடனிருந்த ஃபைட் டீட்ரிக், மெலாங்டனுக்கு எழுதிய கடிதத்தில் அப்படிக் குறிப்பிட்டது உண்மை. ஆக்ஸ்பர்க் மாமன்றத்துக்குப் போக முடியாத நிலையில் லூத்தர் அந்தக் கோட்டையில் பல மாதங்கள் இருந்தார். விட்டன்பர்க்கின் வகுப்புகளும் பிரசங்க பீடமும் அங்கே இல்லை. அந்த மூன்று மணி நேரத்தைச் சேகரப் பொறுப்பில் மூச்சுத் திணறும் ஓர் இளம் குருவானவர் மேல் சுமத்தினால் குற்றவுணர்வுதான் மிஞ்சும்.

அதே லூத்தர் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1535இல், தம் முடிதிருத்துநர் பேதுருவுக்காக ஜெபிக்கும் முறை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நாள் முழுதும் கடையில் நின்று உழைக்கும் மனிதருக்கான நூல் அது. காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும், இதை முடித்துவிட்டு ஜெபிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே என்று அறிவுறுத்துகிறார். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒரு கட்டளையை எடுத்தால் அது கற்றுத்தருவது என்ன, நன்றி சொல்ல வேண்டியது எதற்கு, அறிக்கையிட வேண்டியது எது, கேட்க வேண்டியது எது என்று நான்கு படிகள். மனம் களைக்கும் அளவுக்கு அதிகமாக எடுத்துக்கொள்ளாதே என்றும் எச்சரிக்கிறார். ஆவியானவர் நடுவில் ஒரு நினைவைத் தந்தால் மற்றதை விட்டுவிட்டு அதைக் கவனிக்கவும் சொல்கிறார். டிசம்பருக்கு நாம் தேட வேண்டிய லூத்தர் இவர்தான்.

வடிவம் இருந்தால் ஜெபம் உயிரற்றுப்போகும் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. களைத்த மனத்துக்குத் தானாகச் சொற்கள் வருவதில்லை. அந்த நேரத்தில் நெடுங்காலமாகச் சபை ஜெபித்துவந்த சொற்கள் நம்மைத் தாங்குகின்றன. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துச் சட்டத்தில், ஆலயத்துக்குத் தொலைவில் வேலை செய்கிறவர்கள் ஜெபவேளை வந்ததும் வேலை செய்யும் இடத்திலேயே அதை நிறைவேற்றட்டும், பயணத்தில் இருப்பவர்களும் வேளையைத் தவறவிட வேண்டாம் என்று வகுத்தார். ஜெபம் சுருக்கமாக இருக்கலாம் என்பதும் அவர் சட்டத்தில் உண்டு. கிரான்மரின் 1549ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், மடங்களில் பல வேளைகளாக நடந்த ஆராதனையைக் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கியது. சங்கீதங்கள் நூற்றைம்பதும் முப்பது நாட்களுக்குப் பிரிக்கப்பட்டன. முதல் நாள் காலை 1 முதல் 5 வரை, மாலை 6 முதல் 8 வரை என்று தொடங்கி, முப்பதாம் நாள் மாலை 147 முதல் 150 வரை வந்து முடியும். இன்று எதை வாசிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். தேதியே சொல்லிவிடும். யோசிக்கத் தெம்பில்லாத மாதத்தில் இது சாதாரண உதவி இல்லை.

அந்த அளவும் அதிகம் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குரிய சங்கீதங்களில் ஒன்று, சற்று நேரம் மௌனம், சபையார் பட்டியலிலிருந்து மூன்று குடும்பங்களின் பெயர்கள், கர்த்தருடைய ஜெபம். பதினைந்து நிமிடங்களுக்குள் முடியும். முக்கியமான ஒரு நிபந்தனை, அந்தச் சங்கீதத்திலிருந்து பிரசங்கக் குறிப்பு எடுக்கக் கூடாது. குறிப்பேட்டைத் திறந்ததும் நாம் மறுபடி சபைக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறோம்.

நேரத்தைவிட எதை ஒட்டி வைக்கிறோம் என்பது முக்கியம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் பழக்கம் உருவாவதைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தி, 2010இல் அச்சில் வெளியிட்டார்கள். 96 பேர் உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஒரு புதிய செயலைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே சூழலில் செய்துவந்தார்கள். அச்செயல் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. ஜெபத்தை அவர்கள் ஆராயவில்லை. ஜெபம் கிருபையின் செயல் என்று அறிக்கையிடுகிறவர்கள் நாம். ஆனாலும் ஜெபிக்க உட்காருவது உடம்பு. உடம்புக்குப் பழக்கம் வேண்டும். காலைக் காப்பிக்கு முன், ஆலயக் கதவைத் திறந்தவுடன், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவுடன் என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு அதைக் கட்டிவிடுங்கள்.

இந்தக் கணக்கில் அட்வெந்து முதல் ஞாயிறன்று தொடங்குவது தாமதம். அட்வெந்து முழுவதும் அதிகபட்சம் 28 நாட்கள்தான். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவான நாளாகிய செப்டம்பர் 27ஐ முதல் நாளாக வைத்தால், டிசம்பர் 1 அறுபத்தாறாவது நாள். ஒப்பீட்டளவில் அமைதியான இந்த வாரங்களில் வேர்விட்டது அந்த மாதத்தில் தாங்கும்.

இனி சபையின் பங்கு. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் வருவதும் ஒரு நெருக்கடிக் காலமே. சீஷர்கள் பெருகினார்கள், அன்றாட விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் இன்னும் சீக்கிரம் எழுந்து அதையும் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையிடம் சொல்லி, ஜெபத்தையும் வசன ஊழியத்தையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். பசித்தவருக்கு உணவு பகிர்வதைக்கூட அவர்கள் ஒப்படைத்திருக்க, கேரல் வண்டியின் வழித்தடத்தையும் பரிசுப் பொட்டலத்தையும் மேடை அலங்காரத்தையும் நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

அக்டோபர் சபைக்குழுவில் டிசம்பர் நிகழ்ச்சிகளை இரண்டாகப் பிரியுங்கள். குருவானவர் இருந்தே ஆக வேண்டியவை ஒரு பக்கம், அவர் இல்லாமலும் நன்றாக நடக்கக்கூடியவை இன்னொரு பக்கம். இரண்டாவது பட்டியலை உபதேசியாருக்கும் சங்கச் செயலர்களுக்கும் பெயர் குறித்துக் கொடுங்கள். காலையில் உங்கள் ஜெபவேளை இன்னது என்று சபைக்கு அறிவியுங்கள். அந்த அரை மணி நேரம் போன் ஒரு மூப்பரிடம் இருக்கட்டும். மரணம், விபத்து என்றால் அவர் கதவைத் தட்டுவார். மற்றபடி, ஐயா ஜெபத்தில் இருக்கிறார் என்ற பதில் போதும். நம் சபையார் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் பலர் நெடுநாளாக எதிர்பார்ப்பதே அந்தப் பதிலைத்தான். ஐயரம்மாவுக்கும் இதேபோல் ஒரு வேளை வேண்டும். டிசம்பரில் குருமனைக்கு வருகிறவர்கள் அனைவரையும் உபசரிப்பது பெரும்பாலும் அவர்தான்.

1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் குருமாரும் உதவிகுருமாரும் காலை மாலை ஜெபத்தைத் தினமும் சொல்ல வேண்டும் என்று விதித்தது. ஊரில் இருக்கும் குருவானவர் ஆலய மணியை அடிக்கச் செய்து, மக்களும் வந்து சேர்ந்துகொள்ள வழிசெய்ய வேண்டும் என்றும் சொன்னது. நம் கிராமச் சபைகள் சிலவற்றில் ஜெபமணி இன்றும் ஒலிக்கிறது. ஒலிக்காத இடத்தில் மீண்டும் தொடங்கலாம். தனிஜெபம் முடிந்ததும் மணி அடித்து, மூன்று பேர் வந்தாலும் அவர்களோடு கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லலாம். அவர்களுக்காகவாவது நாம் மறுநாளும் எழுந்திருப்போம்.

அந்த விதியே வியாதிக்கும் அவசர காரணத்துக்கும் விலக்கு வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டியதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானதே, அப்படிப்பட்ட நாளில் வெள்ளத்தில் நிற்கிறவர்களுக்குச் சோறு கொண்டுபோவதே நம் கடமை. அன்றைக்கும் ஒரு சிறிய வழி உண்டு. ஆதிச்சபையின் திதாகே என்னும் நூல் கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை ஜெபிக்கச் சொல்கிறது. அதை நடந்துகொண்டே செய்யலாம். விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக ஜெபித்து ஈடுகட்ட வேண்டாம். மறுநாள் அதே வேளையில், அந்தத் தேதிக்குரிய சங்கீதத்தோடு உட்காருங்கள்.

பேராயங்களின் பொறுப்பிலிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் முதல் மூன்று வாரங்களில் குருமார் கூட்டங்களையும் கணக்கு ஒப்படைப்பையும் வைக்காதீர்கள். நவம்பரில் ஒரு நாளைக் குருமாரின் மௌன தியானத்துக்கு ஒதுக்குங்கள். ஊழியர் ஜெபிப்பதற்கு இடம் விட்டுத் திட்டமிடுவது நிர்வாகத்தின் வேலைகளில் ஒன்று.

செப்டம்பர் 27க்கு முன் மூன்றை முடிவுசெய்து ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வேளை, எந்த இடம், என்ன வடிவம். அருகிலுள்ள சேகரத்து நண்பர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டி, வாரம் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்களும் அவரை விசாரியுங்கள். அட்வெந்து வரும்போது நம் மக்கள் வீட்டுவாசலில் சந்திப்பது, ஆண்டவரோடு பேசிவிட்டு வந்த ஓர் ஊழியராக இருக்க வேண்டும். வேறு எந்த ஏற்பாட்டையும்விட அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கிறிஸ்துமஸ் ஏற்பாடு அதுவே.

கிறிஸ்துவின் பணியில்,
ஆசிரியர்