காலண்டர்த் தாளில் பிறந்த பாட்டு

நம் வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவோம். சீட்டுக் கட்ட வேண்டிய தேதியைச் சுழித்து வைப்போம். அமெரிக்காவில், கெண்டக்கி மாகாணத்து ஹார்லன் ஜில்லாவில், 1931-ல் ஓர் அம்மாள் காலண்டர்த் தாளில் பாட்டு எழுதினாள். பெயர் புளோரன்ஸ் ரீஸ். அவள் கணவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிற்சங்கக்காரர். அவரைத் தேடி வந்த ஷெரீபின் ஆட்கள் வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோபத்தில் பிறந்தது, நீ யார் பக்கம் என்று கேட்கும் அந்தப் பாட்டு.

நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, கிழவியாகிவிட்ட அதே அம்மாள், வேலைநிறுத்தம் செய்யும் அடுத்த தலைமுறைக்கு அதைப் பாடிக் காட்டுகிறாள். பார்பரா காப்பிள் எடுத்த 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.' என்ற டாகுமெண்டரிப் படத்தில் இதைக் காணலாம். 1976-ல் வெளிவந்து ஆஸ்கார் பரிசு பெற்ற படம் இது.

1973-ல் புரூக்சைடு சுரங்கத் தொழிலாளர்கள் சங்க ஒப்பந்தம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மறியலில் சிலர்தான் நிற்கலாம் என்று கோர்ட்டு கட்டுப்படுத்தியது. உடனே மனைவிமார் கிளம்பிவிட்டார்கள்! கருங்காலிகளின் கார்களை மறித்துச் சாலையிலே படுத்தார்கள், சிறைக்கும் போனார்கள்.

அவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆவேசம்? வீட்டுக்குள்ளே பாருங்கள். குழாய் கிடையாது. தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் ஒரு தாய். ஒப்பந்தம் என்பது அவளுக்கு வெறும் காகிதமல்ல.

நாலு பெண்கள் கூடினால் சண்டை என்பார்களே, அதையும் படம் மறைக்கவில்லை. குடிக்கிறாள் என்று ஒருத்தி மேல் புகார். என் புருஷனை மயக்கிவிட்டாள் என்று இன்னொருத்தி மேல் புகார். கடைசியில் ஒருத்தி வெடிக்கிறாள்: என் புருஷன் வேண்டுமானால் தாராளமாகக் கொண்டு போகட்டும், எனக்கு வேண்டியது ஒப்பந்தம்தான் என்று!

ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பு, 1974 ஆகஸ்டில், லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். அவருடைய மனைவி சின்னஞ்சிறு பெண், கையிலே குழந்தை. அந்த வீட்டில் ஒப்பந்தத்தை யார் கொண்டாடியிருக்க முடியும்?

அவர்கள் பேசும் மலைநாட்டு இங்கிலீஷ் நமக்குச் சட்டென்று பிடிபடாது. பாதகமில்லை. அந்தப் பெண்கள் கூட்டத்தை மட்டும் தவற விடாதீர்கள். தெருக் குழாய்க்காக வீடு வீடாய்ப் போய் மனுவில் கையெழுத்து வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டானால், அத்தனை பேரையும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்!